பழைய லாரியில் ஆயில் பம்பு பழுது: பம்பை மட்டும் மாற்றினால் போதுமா?

புதுவயல் லாரி உரிமையாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அப்பா காலத்தில் வாங்கிய லாரி ஒன்றை நாங்கள் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் பதிவான வண்டி. ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் எஞ்சின். புதுவயல் ஆலைகளிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் அரிசி மூட்டை ஏற்றுவதும், இடையிடையே ஆத்தங்குடியிலிருந்து தரைக்கற்கள் ஏற்றுவதும்தான் அதன் வேலை. எஞ்சின் முன்பு ஒருமுறை முழுதாகப் பிரித்து வேலை பார்க்கப்பட்டது. அப்போது கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ப 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட்டதாக அப்பாவின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது.

சில வாரங்களாகவே, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் மீட்டரின் முள் தாழ்ந்து நிற்கிறது என்று ஓட்டுநர் சொல்லிவந்தார். சென்ற வாரம் அரிசி ஏற்றிக்கொண்டு திருப்பத்தூரைத் தாண்டி மேலூரை நோக்கிப் போகும்போது, ஓட்டத்திலேயே முள் கீழே இறங்கிச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அவர் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்கிறார். மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, லாரியைக் கட்டி இழுத்து வந்தோம்.

இப்போது சம்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றியாகிவிட்டது. ஆயில் பம்பு முன்பக்க மெயின் பேரிங் கேப்பில் போல்ட் செய்யப்பட்டு, கிராங்க் கியரால் நேரடியாகச் சுற்றும் வகையைச் சேர்ந்தது. பம்பு மூடியின் உட்புறத்தில் வட்டவட்டமாக ஆழமான கீறல்கள் இருக்கின்றன; உள்ளே இருக்கும் இரண்டாவது கியரின் ஷாஃப்ட் கையால் ஆட்டினாலே ஆடுகிறது. உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள ஸ்டெயினர் சல்லடை ஒரு ஓரத்தில் சட்டத்தை விட்டுக் கிழிந்திருக்கிறது. சம்பின் அடியில் வண்டலோடு மினுமினுப்பான தூளும் தெரிகிறது.

பார்த்த மெக்கானிக்குகள் இருவரில் ஒருவர், பம்பையும் ஸ்டெயினரையும் மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார். மற்றவர், எஞ்சினை இறக்கி முழு வேலையும் செய்தே தீர வேண்டும் என்கிறார். இதற்கிடையில் அக்கம்பக்கத்தில் ஒருவர், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டால் அழுத்தம் ஏறிவிடும், பம்பே மாற்ற வேண்டாம் என்றார். எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிக்க வேண்டிய நேரமும் நெருங்குவதால், தேவையில்லாத செலவும் கூடாது, பாதியில் விட்ட வேலையும் கூடாது. பம்பை மட்டும் மாற்றினால் போதுமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எஞ்சினை இறக்காமலே பேரிங்குகளின் நிலையைத் தெரிந்துகொள்ள முடியுமா? புதிய பம்பு வாங்குவதா, நல்ல நிலையில் உள்ள பழைய பம்பு கிடைத்தால் அதைப் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

காரைக்குடி டீசல் பட்டறை

வணக்கம் தம்பி. விளக்கு எரிந்தவுடன் எஞ்சினை நிறுத்திய உங்கள் ஓட்டுநருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அந்த விளக்கை எரியவைக்கும் ஸ்விட்சு, அழுத்தம் ஏறத்தாழ அரை கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) கீழே விழுந்த பிறகுதான் வேலை செய்யும். விளக்கு எரிந்த பிறகும் பக்கத்து ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்த வண்டிகள் பலவற்றில், கிராங்கைத் தூக்கிப் போட வேண்டிய நிலைதான் வந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பம்பு தேய்ந்திருப்பது உண்மை. அது மாற்ற வேண்டியதுதான். ஆனால் பம்பு தானாகத் தேய்வது அரிது என்பதை முடிவெடுக்கும் முன் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் ஃபில்டர் வழியாக வடிகட்டிய ஆயில்தான் போகிறது; பம்புக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை, ஏனென்றால் ஃபில்டர் பம்புக்குப் பிறகு வருகிறது. சம்பில் கிடக்கும் கரி, மண், உலோகத் தூள் எல்லாவற்றையும் வெறும் கம்பிச் சல்லடை ஒன்றின் துணையோடு முதலில் விழுங்குவது பம்புதான். உங்கள் வண்டியில் அந்தச் சல்லடையும் கிழிந்திருக்கிறது. ஆகவே பம்பில் உள்ள கீறல், சம்பில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதிய பம்பைப் போட்டால், அதுவும் அதே தூளைத்தான் விழுங்கும்.

இன்னொன்றையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வாஷர் யோசனை பிறப்பதே இது புரியாததால்தான். கியர் பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தைத்தான் உண்டாக்குகிறது. இரண்டு கியர்களும் சுற்றும்போது, பற்களின் இடுக்கில் அகப்பட்ட ஆயில் கூட்டின் ஓரமாகச் சுமந்து செல்லப்பட்டு மறுபக்கம் தள்ளப்படுகிறது. அந்த ஆயில் பேரிங்குகளின் சிறிய இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் தடை ஏற்படுகிறது. மீட்டர் காட்டுவது அந்தத் தடையைத்தான். இடைவெளி பெருகினால் கசிவு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதாவது பேரிங் இடைவெளி இரண்டு மடங்கானால், அதன் வழியே ஓடும் ஆயில் எட்டு மடங்காகும். அவ்வளவு கசிவை எந்தப் புதிய பம்பாலும் ஈடுகட்ட முடியாது. ரிலீஃப் வால்வோ, அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும்போது மட்டும் திறந்து உபரி ஆயிலைச் சம்புக்குத் திருப்பி விடுவது. சூடான ஐட்லிங்கில் அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடியிருக்கும் வால்வை வாஷர் போட்டு இன்னும் இறுக்குவதால் ஐட்லிங் அழுத்தம் சிறிதும் ஏறாது. காலையில் குளிர்ந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் எல்லை மீறி, ஃபில்டர் சீல் பிதுங்குவதும் பம்பின் கியர் உடைவதும்தான் நடக்கும். அந்த யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். வால்வைக் கழற்றி, பிளஞ்சர் வழியில் சிக்காமல் நகர்கிறதா, இருக்கையில் துணுக்கு ஏதும் மாட்டியிருக்கிறதா, ஸ்பிரிங்கின் நீளம் கையேட்டில் உள்ள அளவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அங்கே செய்ய வேண்டிய வேலை.

எஞ்சினை இறக்காமலே பேரிங்கைப் பார்க்கலாம். சம்ப் ஏற்கெனவே கீழே இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ராடு கேப்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கேப்பிலும் ராடிலும் எண் அடித்திருக்கும். இல்லாவிட்டால் கழற்றும் முன்பே அடையாளம் இடுங்கள், ஒன்றுக்கொன்று மாறவே கூடாது. ஷெல்லின், அதாவது பேரிங்கின் அரைவட்டத் தகட்டின், மேற்பரப்பு சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. இந்த வகை ஷெல்கள் எஃகு முதுகின் மேல் செம்பும் ஈயமும் கலந்த படலம், அதன் மேல் சுமார் 0.02 மில்லிமீட்டர் மட்டுமே கனம் உள்ள ஈய–வெள்ளீய மேல்பூச்சு என்று அடுக்காகச் செய்யப்பட்டவை. மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அந்த ஷெல்லின் காலம் முடிந்தது. செம்பு நிறம் தெரிவதோடு, ஷெல்லுக்குள் சுழலும் கிராங்க் பின்னில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறலும் இருந்தால், கிராங்க் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அப்போது முழு வேலை செய்யச் சொன்னவர் சொல்வது சரி. கிராங்க் பின் வழுவழுப்பாக இருந்தால் மைக்ரோமீட்டரால் குறைந்தது இரண்டு திசைகளில் அளந்து, வட்டம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். முட்டை வடிவம் கையேட்டின் எல்லைக்குள் இருந்தால், அதே அளவு ஷெல்களைப் புதிதாகப் போட்டு வண்டியிலேயே முடித்துவிடலாம்.

மெயின் பேரிங்குகளிலும் ஒரு நேரத்தில் ஒரு கேப் மட்டும் கழற்றுங்கள். மேல் ஷெல்லை எடுக்க, கிராங்க் ஜர்னலின் (மெயின் பேரிங்கில் சுழலும் பகுதியின்) ஆயில் துளையில் ஷெல்லின் கனத்தைவிட மெலிந்த தலை கொண்ட ஒரு சிறு பின்னைச் செருகி, ஷெல்லின் காது இருக்கும் பக்கம் முதலில் வெளியே வருமாறு கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினால் ஷெல் சறுக்கி வந்துவிடும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து அளப்பதாக இருந்தால், கிராங்கின் எடை கீழ் ஷெல்லின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கணக்கில் எடுங்கள். பக்கத்துக் கவுண்டர்வெயிட்டுக்குக் கீழே சிறு ஜாக்கி கொடுத்து மேலே தாங்கிக்கொள்ளாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

தூள் எங்கிருந்து வந்தது என்பதற்கு எளிய சோதனை காந்தம். காந்தத்தில் ஒட்டினால் கியர், ஷாஃப்ட், பிஸ்டன் ரிங் போன்ற இரும்பு வகை. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கினால் பேரிங், புஷ், பிஸ்டன். பழைய ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கூர்மையான கத்தியால் அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். ஹாக்சா போட்டு அறுத்தால் அதன் துகள்களே கலந்து குழப்பிவிடும்.

கோட்டையூர் ஓட்டுநர்

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். கழற்றிய ஆயிலை முகர்ந்து பார்த்தீர்களா? டீசல் வாசனை அடித்தால் பம்பைவிட அதுதான் பெரிய விஷயம். இந்த வயது வண்டிகளில் டீசல் பம்பின் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பாகம்) தேய்ந்தாலோ, அதன் பக்கவாட்டில் இருக்கும் ஃபீட் பம்பின் தண்டு வழியாகக் கசிந்தாலோ, டீசல் மெல்ல மெல்ல எஞ்சின் ஆயிலில் இறங்கும். நாசில் சொட்டினாலும் அப்படியே. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் நிற்கிறது, சில நாட்களில் கூடவும் செய்கிறது என்று சிலர் மகிழ்ச்சியடைவார்கள். உண்மையில் அது ஆயிலின் இடத்தை டீசல் பிடித்துக்கொண்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் ஆலை வாசலில் லோடுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தாமல் நெடுநேரம் ஐட்லிங்கில் விடும் பழக்கம் இருக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சின் சரியான சூட்டை எட்டாமல், எரியாத டீசல் ரிங் வழியாகக் கீழே இறங்குவதும் கரி படிவதும் கூடும். ஏர் கிளீனரையும் பாருங்கள். பழைய வண்டியில் ஆயில் பாத் வகைதான் இருக்கும். கிண்ணத்தில் ஆயில் கோட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, அடியில் சேறு உறைந்திருந்தாலோ, நம் செம்மண் தூசி நேராகச் சிலிண்டருக்குப் போய், அங்கிருந்து ஆயிலில் கலந்து எல்லாவற்றையும் அரைக்கும்.

மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். எல்லாம் பூட்டிய பிறகு கேலரியில் (பேரிங்குகளுக்கு ஆயில் போகும் முக்கிய வழியில்) தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

புதுவயல் லாரி உரிமையாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆயிலில் டீசல் வாசனை தெளிவாகவே அடிக்கிறது. ஃபில்டரை அறுத்துப் பார்த்ததில், காந்தத்தில் ஒட்டும் தூளும் ஒட்டாத செம்புத் தூளும் இரண்டும் இருந்தன. ராடு பேரிங் ஷெல்களில் மேல் பாதிகள் பலவற்றில் செம்பு நிறம் தெரிகிறது. மெயின் பேரிங்கின் கீழ் ஷெல்கள் சிலவற்றிலும் அப்படியே. ஆனால் கிராங்க் பின்கள் எல்லாம் வழுவழுப்பாக இருக்கின்றன, நகம் எங்கும் மாட்டவில்லை. லேத் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரோடு ஒருவரை அழைத்துவந்து அளந்ததில், 0.25 அண்டர்சைஸ் அளவிலிருந்து தேய்மானமும் வட்டக்கேடும் கையேட்டின் எல்லைக்குள் இருப்பதாகச் சொன்னார்.

ஸ்டெயினரைச் சுத்தம் செய்தபோது, சல்லடையின் பாதிக்கு மேல் ரப்பர் போன்ற பசைத் துணுக்குகள் அடைத்துக்கொண்டிருந்தன. முன்பு சம்ப் பேக்கிங் போடும்போது தடவிய சீலண்ட் பிதுங்கி உள்ளே விழுந்தது என்று மெக்கானிக் சொல்கிறார். உறிஞ்சு குழாயைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்தும் தாங்கியின் போல்ட் ஒன்று காணாமல் போயிருக்கிறது. அதிர்விலேயே சல்லடைச் சட்டம் விட்டிருக்கும் என்று நினைக்கிறோம்.

ஆகவே எஞ்சினை இறக்காமல் ராடு, மெயின் ஷெல்கள் முழுவதையும் அதே அண்டர்சைஸில் மாற்றுவது, பம்பும் ஸ்டெயினரும் மாற்றுவது, டீசல் பம்பைக் கழற்றிச் சர்வீசுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பம்பு விஷயத்தில்தான் இன்னும் தயக்கம். மதுரையில் கழற்றிய வண்டியிலிருந்து எடுத்த பம்பு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. புதியதற்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம். பம்பைப் பூட்டும் முறையிலும், முதல் ஸ்டார்ட்டிலும் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற பணிமனைப் பொறியாளர்

தம்பி, சரியான முடிவுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். பேருந்துப் பணிமனையில் இதே அமைப்புள்ள எஞ்சின்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், பம்பைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கழற்றிய வண்டியின் பம்பை அளக்காமல் வாங்காதீர்கள். அளந்து சரியாக இருந்தால் வாங்குவதில் தவறில்லை. மூடியைக் கழற்றி, கியர்களின் முகத்தின் மேலும் கூட்டின் விளிம்பின் மேலும் படுமாறு நேர்ப்பட்டை ஒன்றை வைத்து, ஃபீலர் கேஜால் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பம்பின் ஆயுளைச் சொல்லும் முதல் அளவு அதுதான், ஏனென்றால் அழுத்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்கு ஆயில் திரும்பி ஒழுகும் முக்கிய வழி கியரின் முகத்துக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கிறது. இந்த அளவிலான பம்புகளில் அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் எல்லையே இறுதியானது. பிறகு பல் நுனிக்கும் கூட்டின் சுவருக்கும் உள்ள இடைவெளி, ஷாஃப்டின் ஆட்டம், பற்களின் முகத்தில் குழி விழுந்திருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். கூட்டின் சுவரில் உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் தேய்ந்த தடம் தெரிந்தால், ஷாஃப்ட் புஷ் தேய்ந்து கியர் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பம்பை மூடியை மட்டும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து மீட்க முடியாது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஷெல்கள் முழுவதையும் புதிதாகப் போடும் எஞ்சினுக்குப் புதிய பம்பே பொருத்தம். எந்தக் கடையில் வாங்கினாலும் புதிய பம்பையும் மூடியைத் திறந்து இதே முறையில் அளந்துவிடுங்கள். போலி உதிரிபாகங்கள் பெட்டியைப் பார்த்தால் தெரியாது, ஃபீலர் கேஜில் தெரிந்துவிடும். கூட்டின் உள்ளே வார்ப்பு மணலோ, கடைசல் சுருளோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூட்டும் முன், புதிய பம்பின் கியரையும் கிராங்க் கியரையும் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிக்கையையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள். பூட்டிய பின் இரண்டு கியர்களுக்கும் நடுவே உள்ள பற்தளர்வை, அதாவது பேக்லாஷை, கிராங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல இடங்களில் அளக்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் கியர் ஊளையிட்டுச் சீக்கிரம் தேயும். அதிகமானால் பல் மோதும். சில அமைப்புகளில் பம்புக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இதைச் சரிசெய்வார்கள். பம்பு மெயின் பேரிங் கேப்பிலேயே உட்காருவதால், கேப் போல்ட்களைக் குறித்த டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கிய பிறகே பம்பைப் பூட்டிப் பேக்லாஷைப் பாருங்கள். லாக் பிளேட்டுகள் எல்லாம் புதியவையாக இருக்கட்டும். ராடு போல்ட்களை மறுபடி பயன்படுத்தலாமா கூடாதா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சு குழாயின் இணைப்பில் உள்ள பேக்கிங்கையோ ஓ ரிங்கையோ பழையதையே போட்டுவிடுவார்கள்; அதை அனுமதிக்காதீர்கள். அந்த இணைப்பு அழுத்தப் பக்கத்தில் இல்லை, உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் மீட்டர் முள் மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். காணாமல் போன தாங்கி போல்ட்டை ஸ்பிரிங் வாஷரோடு போட்டு இறுக்குங்கள்.

சுத்தம் செய்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. கேலரியின் முனை பிளக்குகளைக் கழற்றி, நீளத் தூரிகையும் டீசலும் கொண்டு தேய்த்துக் காற்றடிக்க வேண்டும். ஷெல்களுக்காகக் கேப்களைத் திறக்கும்போதே கிராங்கின் குறுக்குத் துளைகளிலும் காற்றடித்துவிடுங்கள். செம்புத் தூள் அங்கே தங்கியிருக்கும். ஆயில் கூலர் இருந்தால் அதையும் கழற்றிக் கழுவாமல் பூட்டக் கூடாது. துடைப்பதற்குப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட் பயன்படுத்துவார்கள். சம்பின் உட்புறத்துக்கும் கேப்களுக்கும் அது வேண்டாம், நூலிழை பிரியாத பழைய வேட்டித் துணி போதும். பிரிந்த இழைகள் நேராகப் புதிய ஸ்டெயினரைத்தான் தேடிப்போகும். சம்பின் விளிம்பை நேர்ப்பட்டையில் வைத்துப் பார்த்து, போல்ட் துளைகளைச் சுற்றி மேடு எழும்பியிருந்தால் தட்டிச் சமப்படுத்திவிட்டால், சீலண்டே இல்லாமல் பேக்கிங் மட்டும் போட்டாலும் ஒழுகாது. மூலைகளில் சிறிது தடவ நேர்ந்தால், பிதுங்கியதைப் பூட்டும் முன்பே வழித்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டைப் பற்றி. காலியான பம்பு காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயிலை இழுக்காது. அதனால் பூட்டும்போதே பம்பின் உள்ளே புதிய எஞ்சின் ஆயிலை ஊற்றிக் கியரைக் கையால் சுற்றி நிரப்புங்கள். ஆயில் வடிந்துவிடும் என்று தோன்றினால் வாசலின் தடவலாம், அது சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். சேஸிஸ் கிரீஸ் மட்டும் கூடாது, அது வழிகளை அடைக்கும். ஷெல்களுக்குத் தாராளமாக ஆயில் விடுங்கள். ஃபில்டரையும் நிரப்பிப் பூட்டுங்கள். பிறகு டீசல் போகாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சிறுசிறு இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கேஜில் முள் ஏறிய பிறகே ஸ்டாப் கம்பியை விட வேண்டும். பாட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். முள் ஏறவே இல்லை என்றால் எஞ்சினை எழுப்பிப் பார்க்கும் ஆசை வேண்டாம். உறிஞ்சு குழாயைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆயில் வகையைப் பற்றியும் ஒரு சொல். அழுத்தம் குறைந்தால் 15டபிள்யூ-40க்குப் பதிலாக 20டபிள்யூ-40 ஊற்றச் சொல்வார்கள். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. இரண்டாவது எண்தான் 100 டிகிரி சூட்டில் உள்ள தடிமனைக் குறிப்பது. இரண்டிலும் அது 40 என்பதால், சூடான ஐட்லிங் அழுத்தத்தில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் வராது. 50 உள்ள ஆயிலை ஊற்றினால் முள் சிறிது ஏறும்; ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்ததாகவே இருக்கும், நோய் மட்டும் மறையும். எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன வகையையே ஊற்றுங்கள்.

வடித்த பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு எடுத்துச் செல்பவர்களிடம் கொடுங்கள். பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது. அதைவிட, நம் ஊர்களில் மழைநீர் எல்லாம் ஓடிச் சேருவது ஊரணியில். பட்டறை வாசலில் கொட்டும் ஆயிலும் அதே வழியில்தான் போகும்.

புதுவயல் லாரி உரிமையாளர்

ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்து மெக்கானிக்கிடமே கொடுத்தேன். அவரும் ஆர்வத்தோடு வரிவரியாகப் படித்துச் செய்தார். மதுரையில் பார்த்த பழைய பம்பில் நீங்கள் சொன்னதைப் போலவே உறிஞ்சும் பக்கச் சுவரில் தடம் இருந்தது. அதனால் புதியதையே வாங்கினோம். புதிய பம்பின் உள்ளே ஒரு மூலையில் சிறு கடைசல் சுருள் ஒன்று ஒட்டியிருந்ததைத் திறந்து பார்த்ததால் எடுக்க முடிந்தது. டீசல் பம்பைச் சர்வீசுக்குக் கொடுத்த இடத்தில், எலிமென்ட்களோடு ஃபீட் பம்பின் தண்டும் தேய்ந்திருந்ததாகச் சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். ஏர் கிளீனர் கிண்ணத்தின் அடியில் செம்மண் சேறு கெட்டியாகப் படிந்திருந்தது. அதையும் கழுவிக் கோடு வரை ஆயில் ஊற்றியாயிற்று.

ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றியபோது, சிறிது நேரத்தில் கேஜில் முள் ஏறியது. பிறகு ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடான பின் அளந்ததில், ஐட்லிங்கில் 1.5 கிலோவும் 2000 ஆர்.பி.எம்.மில் 4 கிலோவும் காட்டுகிறது. வண்டியின் மீட்டர் அதைவிடச் சிறிது குறைத்துக் காட்டுவதால், அழுத்தத்தை உணர்ந்து அதற்கு அனுப்பும் சென்டர் யூனிட்டையும் மாற்றிவிட்டோம். திருச்சிக்கு ஒருமுறை அரை லோடோடு போய்வந்ததில் முள் நிலையாக நின்றது.

இனி ஆயிலை எப்போது மாற்றுவது என்று மட்டும் சொல்லுங்கள். வழக்கமான கிலோமீட்டர் வரை விடலாமா?

காரைக்குடி டீசல் பட்டறை

கேட்க மனத்துக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. வழக்கமான கெடுவரை விடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் கேலரியின் மூலைகளில் தங்கிய தூள் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் வெளியே வரும். ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். புதிய ஷெல்கள் உட்காரும்போது வரும் மிக மெல்லிய தூள் இருக்கலாம், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். செதில் செதிலாகச் செம்பு தெரிந்தால் மட்டும் வண்டியை நிறுத்தி எனக்கு எழுதுங்கள். அதன் பிறகு கையேட்டில் உள்ள கெடுவுக்குப் போகலாம். ஆனால் ஆலை வாசலில் ஐட்லிங்கில் நிற்கும் நேரம் அதிகமாக இருந்தால் அந்தக் கெடுவையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிலோமீட்டர் கணக்கில் ஏறாத நேரத்திலும் எஞ்சின் ஓடியிருக்கிறது.

ஆயில் மாற்றும் வரை முழு லோடு ஏற்றி நெடுந்தூரம் மிதிப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஓட்டுநர் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்கட்டும். அளவு கூடியிருந்தாலோ டீசல் வாசனை வந்தாலோ, டீசல் பம்பைச் சர்வீஸ் செய்த இடத்துக்கே வண்டியை விடுங்கள். சூடான ஐட்லிங்கில் 1.5 கிலோ என்று இன்று எடுத்த அளவைத் தேதியோடு அப்பாவின் குறிப்பேட்டிலேயே எழுதி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதே கேஜை மாட்டி அளந்து, அதற்குக் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள்.